‘பாவம்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் ஹோட்டல் வேலைக்குப் போகிற பொடியன்மார், கட்டாருக்குப் புறப்பட ஆயத்தமாகிறவர்கள், லண்டனில் பேரப்பிள்ளைகள் உள்ள அம்மம்மாமார் என்று பலவகையானோர் வருகிறார்கள். இலக்கணத்தில் ஆளுக்கொரு சந்தேகம். இரக்கத்தைச் சொல்கிற இடம் வந்தால் மட்டும் எல்லோரும் ஒரே கல்லில்தான் இடறுகிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியாத தாய் தகப்பனும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

டீச்சர், ‘பாவம்’ எண்டுறதுக்கு இங்கிலீசில என்ன சொல்லு?

ஒரு சொல் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கும் ‘பாவம்’ என்கிறோம், தாயை இழந்த பிள்ளைக்கும் ‘பாவம்’ என்கிறோம், மழையில் நனைகிற நாய்க்குட்டிக்கும் அதுவேதான். நாங்கள் குரலால் வேறுபடுத்துகிறோம். ஆங்கிலத்தில் சொல்லாலேயே வேறுபடுத்த வேண்டும்.

அதனால் வாய் திறக்க முன் இரண்டு காரியம் பாருங்கள். நான் இரங்குவது ஆளுக்கா, நடந்த காரியத்துக்கா? நான் சொல்வது அந்த ஆளின் காதில் விழுமா? ஆளுக்கு என்றால், அவர் இல்லாத இடத்தில் ‘புவர் திங்’ அல்லது ‘ஐ ஃபீல் சொரி ஃபோர் ஹேர்’. காரியத்துக்கு என்றால் ‘வட் எ பிட்டி’ அல்லது ‘வட் எ ஷேம்’. அவர் முன்னால் நிற்கிறார், நடந்ததும் பெரிய துன்பம் என்றால் ‘ஐ ஆம் சோ சொரி’. பாதிச் சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் கஷ்டமானது.

டிக்சனரியில ‘பாவம்’ எண்டா ‘சின்’ எண்டு கிடக்கு. ‘சின்’ எண்டே சொன்னா என்ன?

அது புண்ணியத்துக்கு எதிரான பாவம். கடவுளுக்கு விரோதமான குற்றம். ‘ஹீ இஸ் சின்’ என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால், அந்த மனிதர் பாவத்தின் உருவம் என்று அவருக்கு விளங்கும்.

ஆனால் இந்தப் பிழையைச் செய்கிற பிள்ளையை நான் ஏசுவதில்லை. சிங்களத்திலும் ‘பவ்’ என்ற ஒரே சொல்தான் பாவத்துக்கும் பரிதாபத்துக்கும். கொழும்பில் ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகப் பேசுகிறவர்கள்கூட ‘சின், நோ?’ என்று சொல்வதைக் கேட்கலாம். இந்தத் தீவுக்குள் அது விளங்கும். கட்டுநாயக்க விமான நிலையம் தாண்டினால் விளங்காது. பரீட்சைத் தாளிலும் எழுத வேண்டாம்.

‘ஐயோ’ விடயம் வேறு. 2016 இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி ‘ஐயோ’வைத் தன் சொற்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எங்கள் ஆச்சிமார் வாயில் இருந்த சொல் அகராதி ஏறியதில் எனக்கு மிகுந்த சந்தோசம்.

‘வட் எ பிட்டி’ எண்டா ‘எவ்வளவு பரிதாபம்’ தானே? பிறகு ஏன் பிழை எண்டு வெட்டுறீங்க?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆங்கிலத்தில் அந்தத் தொடர் காலப்போக்கில் எடை குறைந்துவிட்டது. இன்று அது சின்ன ஏமாற்றத்துக்கு உரியது. மட்ச் நடக்க இருந்த நாளில் மழை, கலியாணத்துக்கு வர முடியாமல் போன நண்பர், கடைசித் துண்டு வட்டிலாப்பம் முடிந்துபோனது: இதற்கெல்லாம் ‘வட் எ பிட்டி’. தமிழில் ‘அடடா’, ‘சே, சரிவரல்லியே’ என்று சொல்கிற இடம்.

என்னிடம் படித்த ஒரு பொடியன், மிக நல்ல மனசுக்காரன், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தான். அவனுடைய வெளிநாட்டு மேலாளரின் தாய் இறந்துபோனார். இவன் ஓடிப்போய் ‘வட் எ பிட்டி, சேர்’ என்றிருக்கிறான். அவர் ஒன்றும் பேசாமல் அவனைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ‘டீச்சர், நான் அழுதுகொண்டுதான் சொன்னேன், அவருக்கு ஏன் கோபம்?’ என்று கேட்டான். அவன் நினைத்தது ‘ஐயோ, எவ்வளவு பெரிய துயரம்’. அவர் கேட்டது ‘அடடா, போச்சே’. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ‘வட் எ பிட்டி’க்கு நேரே ‘எவ்வளவு பரிதாபம்’ என்று கரும்பலகையில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு கட்டாய விதி வைத்தேன். மரணம், பெருநோய், வீடு எரிந்தது, வேலை போனது, இந்த நான்குக்கும் ‘பிட்டி’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

‘இட்ஸ் எ பிட்டி’க்குப் பிறகு என்ன வரும்?

முழு வசனம் வரலாம்: ‘இட்ஸ் எ பிட்டி யூ குடின்ட் கம்’, நீங்கள் வர முடியாமல் போனது கவலை. பெயர்ச்சொல் வருவதென்றால் நடுவில் ‘அபவுட்’ வேண்டும்: ‘இட்ஸ் எ பிட்டி அபவுட் த ரெயின்’. முன்னால் உள்ள ‘எ’யை விழுங்காதீர்கள்; ‘இட்ஸ் பிட்டி’ என்று எழுதினால் புள்ளி போய்விடும்.

‘வட் எ ஷேம்’ எண்டா வெட்கக்கேடு எண்டுதானே அர்த்தம்? அவங்கள் ஏன் சிரிச்ச முகத்தோட சொல்றாங்க?

இல்லை. ‘வட் எ ஷேம்’ ஏறக்குறைய ‘வட் எ பிட்டி’யேதான். பேச்சில் இதுதான் அதிகம் கேட்கும். வெட்கக்கேடு என்று ஏசுவது ‘ஷேம் ஒன் யூ’. பின்னால் ‘ஒன் யூ’ வந்தால் விரல் உங்களை நோக்கி நீட்டப்பட்டிருக்கிறது. ‘எ’ மட்டும் வந்தால் விரல் எவரையும் காட்டவில்லை, நடந்த காரியத்தைத்தான் காட்டுகிறது.

‘புவர் மேன்’ எண்டா ஏழையா, பாவமா? ரெண்டும் எண்டா எப்படிக் கண்டுபிடிக்கிற?

இரண்டும்தான். ‘ஹீ இஸ் புவர்’ என்று வினைக்குப் பின்னால் தனியே வந்தால் அது ஏழை மட்டும். ஒருபோதும் ‘பாவம்’ ஆகாது. பெயருக்கு முன்னால் வந்து, அடுத்து அவருக்கு நடந்த கெடுதி ஒன்று சொல்லப்பட்டால் அது ‘பாவம்’. ‘த புவர் மேன் லொஸ்ட் ஹிஸ் பாஸ்போர்ட்’ என்றால், அந்த மனிதர் கோடீஸ்வரராக இருந்தாலும் அவருக்கு இரங்குகிறோம். ‘பாவம், மனிசன் பாஸ்போர்ட்டத் துலைச்சிட்டார்’ என்று எங்கள் பேச்சிலும் ‘பாவம்’ முன்னால்தான் நிற்கிறது. அந்த ஒற்றுமையை மனதில் வைத்தால் மறக்காது.

‘புவர் திங்’ ஆளுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பொருந்தும். அதில் உள்ள ‘திங்’ பொருளைக் குறிப்பதில்லை, செல்லம். எங்கள் ஊரில் ‘பாவம் அந்தப் புள்ள’ என்று சொல்கிற தொனி. ஆனால் வயதில் மூத்த, மதிப்புள்ள மனிதரை அவர் முகத்துக்கு முன்னால் ‘புவர் திங்’ என்று சொல்லாதீர்கள். குழந்தையாக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் பழைய தலைமுறையினர் ‘மை புவர் ஃபாதர்’ என்றால், சில வேளை தகப்பன் இறந்துவிட்டார் என்றும் பொருள். பழைய கதைப் புத்தகம் வாசிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘ஐ பிட்டி யூ’ எண்டு சொன்னா ‘உங்களுக்காக இரங்குறன்’ எண்டுதானே? ஏன் அவ கோவிச்சா?

பெயர்ச்சொல்லாக நின்ற ‘பிட்டி’ எடை குறைந்துபோனது என்று மேலே சொன்னேன். வினைச்சொல்லாக வரும்போது கதை வேறு: அது மேலே ஏறி நின்றுகொள்கிறது. ‘ஐ பிட்டி யூ’ என்பதில் சொல்கிறவர் திண்ணையில், கேட்கிறவர் முற்றத்தில். ‘உன்னைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக் கிடக்கு’ என்று சண்டையில் சொல்வோமே, அந்தச் சூடு இதில் இருக்கிறது. ஒருவருடைய பொய்யையோ ஆணவத்தையோ பார்த்து வெறுத்துச் சொல்கிற வசனமாகத்தான் இன்று அதிகம் கேட்கிறது.

கதையிலோ வரலாற்றிலோ மூன்றாம் ஆளைப் பற்றி ‘தே பிட்டிட் த ப்ரிஸனர்ஸ்’ என்று எழுதலாம், பிழையில்லை. ஆனால் உயிரோடு முன்னால் நிற்கிற மனிதரிடம் ‘ஐ ஃபீல் சோ சொரி ஃபோர் யூ’ என்பதுகூடச் சில வேளை மேலிருந்து விழுகிற மாதிரி இருக்கும். ‘ஐ ஆம் சோ சொரி’ என்று நிறுத்திவிடுங்கள். ‘ஃபோர் யூ’வை வெட்டினால் உயரமும் குறைகிறது. என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பவற்றில் மிகவும் பயன்பட்டது இந்த ஒரு வெட்டுத்தான்.

‘ஐ பிட்டி ஒன் ஹிம்’, ‘ஐ ஆம் பிட்டி’, இதுல எது சரி?

இரண்டும் பிழை. வினையாக வந்தால் ‘ஒன்’ வேண்டாம்: ‘ஐ பிட்டி ஹிம்’. ‘டேக்’ என்ற சொல்லோடு வந்தால் ‘ஒன்’ கட்டாயம்: ‘எ ஃபிஷர்மன் டுக் பிட்டி ஒன் அஸ்’, ஒரு மீனவர் எங்கள் மேல் இரக்கப்பட்டார். இதில் ஒரு நுட்பம் உண்டு. ‘டேக் பிட்டி’ என்றால் மனதுக்குள் இரங்கியதோடு நிற்காமல் ஏதோ செய்தும் விட்டார்: தோணியில் ஏற்றினார், சோறு கொடுத்தார், கடனைத் தள்ளினார். வெறும் ‘ஃபீல் பிட்டி’க்கு அந்தச் செயல் இல்லை.

மையத்து வீட்டுக்குப் போய் ‘சொரி’ எண்டு சொல்லச் சொல்றீங்க. நான் என்ன பிழை செஞ்ச, மன்னிப்புக் கேக்கிறதுக்கு?

மருதமுனையில் இருந்து வந்த ஒரு மாணவி கேட்டது. நல்ல கேள்வி. நாங்கள் ‘சொரி’யைத் தமிழுக்குள் எடுத்தபோது மன்னிப்பு என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூலத்தில் அந்தச் சொல் நோவைக் குறித்தது. புண்ணைக் குறிக்கிற ‘சோர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒரே வேர். ஆக ‘ஐ ஆம் சொரி’ என்றால் அடியில் ‘எனக்கு நோகுது’ என்றுதான் பொருள். என் பிழையால் நோகுது என்றால் மன்னிப்பு; உங்கள் துயரத்தால் நோகுது என்றால் இரங்கல்.

நேரில் சொல்ல ‘ஐ ஆம் சொரி ஃபோர் யுவர் லொஸ்’ போதும். எழுத்தில் ‘ப்ளீஸ் அக்செப்ட் மை கொண்டோலன்சஸ்’ அல்லது ‘வித் டீப்பெஸ்ட் சிம்பதி’. இந்தக் கடைசித் தொடர்தான் எங்கள் சந்திகளில் வெள்ளைக் கொடிக்குப் பக்கத்தில் கட்டுகிற பதாகையில் உள்ள ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’. இறந்தவரைப் பற்றி ஒரு நல்ல நினைவை ஒரு வரியில் சேர்த்தால், மூன்று பக்கக் கடிதத்தைவிட அது பெரிது.

இரண்டு எச்சரிக்கை. ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சிலும் மரண அறிவித்தலிலும் அது பழக்கம். வெளிநாட்டுக் காதுக்கு அது பால்மாப் பக்கற்றிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள சொல். ‘பாஸ்ட் அவே’ என்பதுதான் மரியாதை. அடுத்தது ‘அட் லீஸ்ட்’ என்று தொடங்குகிற ஆறுதல். ‘இருந்து வாழ்ந்த மனிசன்தானே’ என்று நாங்கள் சொல்வது போல ‘அட் லீஸ்ட் ஹீ லிவ்ட் எ லோங் லைஃப்’ என்று எழுதிவிடுவார்கள். எங்கள் செத்த வீட்டில் அதைச் சொல்கிறவர் பக்கத்தில் பாயில் இருக்கிறார், கையைப் பிடித்திருக்கிறார். கடதாசியில் அந்தக் கை இல்லை. வசனம் மட்டும் போய்ச் சேரும்.

‘ஃபீல் பேட் ஃபோர்’, ‘ஃபீல் பேட் அபவுட்’ ரெண்டும் ஒண்டா?

இல்லை. ‘ஐ ஃபீல் பேட் ஃபோர் ஹிம்’ என்றால் அவருக்காகக் கவலைப்படுகிறேன். ‘ஐ ஃபீல் பேட் அபவுட் இட்’ என்றால் பெரும்பாலும் நான் செய்ததை நினைத்து மனம் குத்துகிறது. மேலே ‘சொரி’க்குள் இருந்த இரண்டு பாதியும் இங்கே தனித்தனிச் சொல்லாகப் பிரிந்து நிற்கின்றன.

சிம்பதி, எம்பதி, கொம்பஷன்: மூண்டுக்கும் ‘அனுதாபம்’ எண்டு எழுதினா புள்ளி தருவாங்களா?

‘சிம்பதி’க்கு அனுதாபம் சரி. பிறர் துயரம் கண்டு அவர் பக்கத்தில் வந்து நிற்பது. கிரேக்கத்தில் ‘கூட’ என்றும் ‘உணர்வு’ என்றும் பொருள்படும் இரண்டு சொல் சேர்ந்து பிறந்தது. ‘கொம்பஷன்’ அதன் லத்தீன் உடன்பிறப்பு, ‘கூடத் துன்புறுதல்’. ஆனால் அதில் உதவ வேண்டும் என்ற தவிப்பும் உண்டு. கருணை என்று சொல்லுங்கள்.

‘எம்பதி’ இந்த மூன்றிலும் இளையது. எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர் 1909 இல் ஒரு ஜேர்மன் சொல்லை மொழிபெயர்க்க உருவாக்கியது. அந்த ஜேர்மன் சொல் முதலில் ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்குள் பார்ப்பவர் தன் உணர்வால் நுழைவதைக் குறித்தது. மனிதருக்குப் பிறகுதான் வந்தது. அவருடைய இடத்தில் நான் இருந்தால் எப்படி இருக்கும் என்று உள்ளே போய் உணர்வதுதான் எம்பதி. பாடப் புத்தகத்தில் ‘ஒத்துணர்வு’ என்று போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது ‘கண்ணோட்டம்’. பழந்தமிழில் அது இரக்கம் நிறைந்த பார்வை. இன்று பத்திரிகையில் ‘அவரது கண்ணோட்டம்’ என்றால் கருத்து என்று ஆகிவிட்டது. எங்களிடம் இருந்த நல்ல சொல்லை நாங்களே வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம்.

இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவு வரும். ஐந்து திணைகளில் கடற்கரையான நெய்தலுக்கு உரியதாக வைத்த உணர்ச்சி இரங்கல். வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற எங்களுக்கு அது ஏன் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

‘மெர்சி’க்கும் இரக்கம், ‘பிட்டி’க்கும் இரக்கம். எங்க எது?

தண்டிக்கவோ விட்டுவிடவோ அதிகாரம் உள்ளவர் காட்டுவது ‘மெர்சி’. கோயிலில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்பது ஆங்கிலத்தில் ‘லோர்ட், ஹவ் மெர்சி’. பிஸ்மில்லாவின் ஆங்கிலப் பெயர்ப்பிலும் ‘த மோஸ்ட் மெர்சிஃபுல்’ என்று வரும். நீதிபதி, அரசன், இறைவன்: இவர்களுக்கு மெர்சி. வழிப்போக்கன் காட்டுவது பிட்டி. அவனிடம் அதிகாரம் இல்லை, மனம் மட்டும் உண்டு.

‘அட் த மெர்சி ஒஃப்’ என்றால் முழுவதும் ஒன்றின் கையில் சிக்கியிருப்பது. இயந்திரம் நின்றுபோன வள்ளம் ‘அட் த மெர்சி ஒஃப் த வேவ்ஸ்’. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்தத் தொடரை விளக்க நான் ஒரு நிமிடமும் செலவழித்ததில்லை.

‘பிட்டிஃபுல்’ எண்டா இரக்கம் நிறைஞ்சவரா? ‘பியூட்டிஃபுல்’ அழகு நிறைஞ்சது எண்டா இதுவும் அப்படித்தானே?

நியாயமான யோசனை. ஒரு காலத்தில் அந்தப் பொருளும் இருந்தது. இன்று இல்லை. ‘எ பிட்டிஃபுல் க்ரை’ என்றால் கேட்டவர் மனம் இளகுகிற அழுகை. ‘எ பிட்டிஃபுல் சலரி’ என்றால் கேவலமான சம்பளம். இரக்கம் நிறைந்தவர் ‘கொம்பஷனெட்’ அல்லது ‘கைன்ட் ஹார்ட்டட்’. இரக்கம் அற்றவர் மட்டும் நேராக வருகிறார்: ‘பிட்டிலெஸ்’.

‘பதெட்டிக்’ என்ற சொல்லும் இதே பாதையில் கீழே இறங்கியது. முன்பு மனதை உருக்குவது. இன்று பெரும்பாலும் ‘ஒண்டுக்கும் உதவாத’ என்ற ஏச்சு. ஒருவருடைய துயரத்தைப் ‘பதெட்டிக் ஸ்டோரி’ என்று நல்ல மனதோடு எழுதிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ‘வெரி சேட்’ என்று எழுதினால் போதும்.

அறுகம்பேயில ஒரு வெள்ளைக்காரர் எனக்கு ‘தட்ஸ் டூ பேட்’ எண்டார். ஓட்டோ பழுதாப் போச்சு எண்டு சொன்னதுக்கு. இரங்கினாரா, நக்கலா?

குரலைக் கேட்காமல் சொல்ல முடியாது. மெதுவாக, இழுத்து, முகம் பார்த்துச் சொன்னால் இரக்கம். வெடுக்கென்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினால் ‘அது உன்ட பாடு’. ‘டஃப் லக்’ என்பதும் அப்படித்தான். ‘ஹார்ட் லக்’ அநேகமாக நல்லது. விளையாட்டில் தோற்றவருக்குச் சொல்வது.

அமெரிக்காவின் தென்பகுதிக்காரர் ‘பிளெஸ் ஹேர் ஹார்ட்’ என்று சொன்னாலும் கவனமாகக் கேளுங்கள். உண்மையான பரிவாகவும் இருக்கலாம், ‘அவளுக்குப் புத்தி அவ்வளவுதான்’ என்பதை இனிப்பில் தோய்த்துச் சொன்னதாகவும் இருக்கலாம்.

‘மோர்ஸ் த பிட்டி’, ‘ஃபோர் பிட்டிஸ் சேக்’ எல்லாம் கதைப் புத்தகத்தில வருது. நாங்க பாவிக்கலாமா?

விளங்கிக்கொண்டால் போதும். முதலாவது, சொன்ன செய்திக்கு வால் போல ‘அதுதான் கவலை’ என்று சேர்ப்பது. இரண்டாவதில் இரக்கமே இல்லை. ‘கடவுளே, கொஞ்சம் கேளுங்கோவன்’ என்று பொறுமை இழந்து கத்துவது.

‘செல்ஃப் பிட்டி’ எண்டு ரிப்போர்ட்டில எழுதியிருக்கு. என்ட மகனுக்கு ஏதும் வருத்தமா?

நோய் எதுவும் இல்லை. தன்னைத்தானே பார்த்துத் தானே இரங்கிக்கொண்டு இருப்பது. தமிழில் தன்னிரக்கம். ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற நினைப்பு. அதையே ஏளனமாகச் சொன்னால் ‘பிட்டி பார்ட்டி’.

அந்தத் தாயிடம் நான் இன்னொன்றும் சொன்னேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல் எப்போதும் குறை கூறுகிற சொல். ஒரு பிள்ளை உண்மையிலேயே துன்பப்பட்டு அழுகிறான் என்றால் அதற்கு ‘க்ரீஃப்’ என்று வேறு சொல் உண்டு. தகப்பனை இழந்து நான்கு மாதமான பையனுக்கு எது பொருத்தம் என்று எழுதியவர் யோசித்திருக்க வேண்டும்.

‘முதலைக் கண்ணீர்’ எங்கட பழமொழியா, இங்கிலீசில இருந்து வந்ததா?

‘க்ரொக்கடைல் டியர்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கம். முதலை மனிதனைத் தின்றுகொண்டே அழும் என்று ஐரோப்பியரின் 14 ஆம் நூற்றாண்டுப் பயணக் கதைகளில் வரும். முதலைக்குக் கண்ணில் நீர் சுரப்பது உண்மை. அது கண் காயாமல் இருக்க. மட்டக்களப்பு வாவியிலும் முதலை உண்டு, ஆனால் எங்கள் ஆட்கள் அதன் பல்லைப் பற்றித்தான் கதை சொன்னார்கள், கண்ணீரைப் பற்றியல்ல. பொய் இரக்கத்துக்குத் தமிழில் ‘ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்’ என்ற சொல் இருக்கிறது.

‘பிட்டி’ அவ்வளவு மட்டமான சொல்லு எண்டா, மாதா சிலைக்கு ‘பியேத்தா’ எண்டு ஏன் பேர் வெச்சாங்க?

உயர்தரம் படிக்கிற ஒரு பையன் கேட்டான். சிலுவையில் இருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தியிருக்கிற தாயின் உருவம். வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தில் உள்ள சிலையை மிக்கேலாஞ்சலோ 15 ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செதுக்கினார். ‘பியேத்தா’ இத்தாலியச் சொல். அதற்கும் ‘பிட்டி’க்கும் பக்தியைக் குறிக்கிற ‘பையட்டி’க்கும் லத்தீனில் ஒரே தாய்ச்சொல்: தெய்வத்துக்கும் பெற்றோருக்கும் செலுத்த வேண்டிய கடமையுணர்வு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பக்தி ஒரு சொல்லாகவும் இரக்கம் ஒரு சொல்லாகவும் பிரிந்தது.

ஆகவே சொல் மட்டமானதல்ல. பிறந்த இடத்தில் அது கடமை. இன்றைய ஆங்கிலத்தில் அது எந்த எடையில் நிற்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கால் இழந்த என்ட அண்ணனைப் பத்தி ஆங்கிலத்தில கட்டுரை எழுதினன். நீங்க ‘பிட்டி’, ‘சஃபரிங்’ எல்லாத்தையும் வெட்டிப்போட்டீங்க. ஏன்?

வெட்டும்போது என் கையும் நடுங்கியது, பிள்ளை. நீங்கள் அன்போடு எழுதியது எனக்குத் தெரியும்.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வெளிநாட்டவர் நிறையப் பேர் வந்தார்கள். இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பில் கல்லடியிலும் நாவலடியிலும் வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. சில முகாம்களில் நான் மொழிபெயர்த்தேன். அங்கே ஒரு அம்மா என்னைக் கேட்டார்: ‘அவங்கள் என்னைப் பத்தி என்ன எழுதுறாங்க?’ வாசித்துச் சொன்னேன். ‘ஹெல்ப்லெஸ் விக்டிம்’ என்று இருந்தது. கதியற்றவள் என்று தமிழில் சொன்னேன். ‘கதியத்தவளா? ரெண்டு புள்ளையத் தூக்கிக்கொண்டு பனையில ஏறினவள் நான்’ என்றார். அதற்குப் பிறகு இந்தச் சொற்களை என்னால் இலேசாக எடுக்க முடிவதில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் ஆளை முன்னால் வைத்து, நிலைமையை அப்படியே சொல்வது வழக்கம். ‘சஃபர்ஸ் ஃப்ரொம்’ என்பதற்குப் பதில் ‘ஹேஸ்’. ‘வீல்செயார் பவுண்ட்’, அதாவது நாற்காலியில் கட்டுண்டவர் என்பதற்குப் பதில் ‘யூஸஸ் எ வீல்செயார்’. ‘விக்டிம்’ என்பதற்குப் பல இடங்களில் ‘சர்வைவர்’, தப்பிப் பிழைத்தவர். உங்கள் அண்ணன் காலை இழந்தார், கடை நடத்துகிறார், உங்களைப் படிப்பிக்கிறார். இந்த மூன்றையும் எழுதுங்கள். வாசிக்கிறவர் மனம் தானாக இளகும். ‘பிட்டி’ என்று நீங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

லண்டன்ல என்ட பேத்தி சைக்கிளால விழுந்து வீடியோல அழுவுது. அதுக்குத் தமிழ் அவ்வளவு வராது. நான் என்னத்தச் சொல்ல?

‘ஓ, யூ புவர் திங்’ என்று சொல்லுங்கள் அம்மா. பிள்ளைகளுக்கு முகத்துக்கு முன்னால் சொல்லலாம், அவர்களுக்கு அது செல்லம்தான். பிறகு ‘வெயார் டஸ் இட் ஹேர்ட்?’, எங்க நோகுது என்று கேளுங்கள். காயத்தைக் கமெராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டும்.

அதுவும் வாயில் வராவிட்டால் ‘ஐயோ பாவம் மனே’ என்றே சொல்லுங்கள். அந்த ‘ஐயோ’ ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியிலும் இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். மிச்சம் உங்கள் குரலில் விளங்கும்.